இளைத்தவனுக்கு எள்ளு மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

உடம்பு தேற என்ன சாப்பிடுவது, தசை வளர எவ்வளவு புரதம் வேண்டும், எந்தப் பொடியை வாங்குவது என்று கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். படிப்பதற்கு முன் ஒரு விஷயம். அரிசி, பருப்பு, கறி எல்லாவற்றுக்கும் இங்கே சொல்லும் அளவு, வேறாகக் குறிப்பிடாத இடத்தில், சமைப்பதற்கு முந்தைய எடை. 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறது. வெந்து குழைந்த பருப்பில் 100 கிராம் எடுத்தால் 7 கிராம்தான் தேறும், மீதி தண்ணீர். கணக்குப் போடுகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: எனக்கு 22 வயசுங்க. 172 செ.மீ. உயரம், 51 கிலோ எடை. மூணு வேளையும் வயிறு முட்டத்தான் சாப்பிடறேன், ஒடம்பு தேறவே மாட்டேங்குது. மாஸ் கெய்னர் வாங்கலாம்னு இருக்கேன். எங்க அமுச்சி ‘இளைத்தவனுக்கு எள்ளு’ன்னு எள்ளுருண்டை புடிச்சுக் குடுக்குது. எதுங்க சரி?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அமுச்சி சொல்வதில் கணக்கு இருக்கிறது, தம்பி. எள்ளில் பாதி எண்ணெய். 100 கிராம் எள்ளில் 570 கலோரியும் 18 கிராம் புரதமும் இருக்கின்றன. இளைத்த உடம்புக்கு முதலில் வேண்டியது கலோரி. அதைச் சின்ன உருண்டைக்குள் அடக்கித் தருகிறது எள்.

உங்கள் உயரத்துக்கு உடல் நிறைக் குறியீடு 17.2 வருகிறது. 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று பொருள். எப்போதுமே ஒல்லி என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் கடந்த ஆறு மாதத்தில் சாப்பாடு குறையாமலே எடை இறங்கியிருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், அடிக்கடி தாகம், படபடப்பு, மாலைக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தாலோ, பொடியைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றையும் பார்த்துவிடுவார்கள். குடற்புழுவுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ‘வயிறு முட்ட’ என்பதற்கு வருவோம். மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களைப் போன்றவர்களின் நோட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலை 4 இட்லி, சட்னி, மதியம் ஒரு தட்டுச் சோறு, குழம்பு, ரசம், பொரியல், சாயங்காலம் டீயோடு ஒரு வடை, ராத்திரி 3 தோசை. கூட்டிப் பார்த்தால் எண்ணெயையும் சேர்த்து 1,700-இலிருந்து 1,900 கலோரி வரைதான் வருகிறது, புரதம் 40 கிராம். வயிறு முட்டியது உண்மை. அதை முட்ட வைத்தது சோற்றுத் தண்ணீரும் ரசமும்.

தசை வளர ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 82 கிராம். எடை ஏற, இப்போது சாப்பிடுவதைவிட 400–500 கலோரி மிச்சம் நிற்க வேண்டும். உடற்பயிற்சி கொஞ்சத்தை எரித்துவிடும் என்பதால் 650 வரை கூட்டலாம்.

மாஸ் கெய்னர் என்கிற எடை கூட்டும் பொடி டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 கிராம் பொடிக்கு 15–20 கிராம் புரதம்தான், மீதியில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின். அது மக்காச்சோள மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. சோறு தரும் அதே மாவுச்சத்தைத்தான் பழச்சுவை சேர்த்து விலைக்கு வாங்குகிறீர்கள். வீட்டிலேயே இதைவிட நல்லதைச் செய்யலாம்.

பொட்டுக்கடலை 300 கிராம், நிலக்கடலை 200 கிராம், கம்பு 200 கிராம், எள் 100 கிராம். கம்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொரியும் வரை வறுங்கள். நிலக்கடலையைத் தனியாக, சிறு தீயில், தோல் உரியும் பதத்துக்கு வறுத்துத் தோலை ஊதிவிடுங்கள். எள் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினால் கசக்கும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். முதலில் கம்பையும் பொட்டுக்கடலையையும் நைசாக அரைத்து, அந்த மாவோடு கடலையையும் எள்ளையும் சேர்த்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். கடலையை மட்டும் தனியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி, பிளேடுக்கு அடியில் அப்பிக்கொள்ளும்.

இந்தப் பொடியில் 50 கிராம், 300 மில்லி கொழுப்பு நிறைந்த பால், 15 கிராம் நாட்டுச்சர்க்கரை சேர்த்துக் கரைத்தால் ஏறக்குறைய 530 கலோரி, 20 கிராம் புரதம். அதோடு 2 முட்டை என்றால் 140 கலோரி, 12 கிராம். முதல் இரண்டு வாரம் இது மட்டும். வாரம் ஒரு நாள், காலையில் வயிறு காலியாக இருக்கும்போது எடை பாருங்கள். வாரத்துக்கு 200 கிராமாவது ஏறவில்லை என்றால் 30 கிராம் வறுத்த நிலக்கடலையையும் கூட்டுங்கள், அதில் 170 கலோரி இருக்கிறது. 400 கிராமுக்கு மேல் தொடர்ந்து ஏறினால் தொப்பைதான் வளர்கிறது, கொஞ்சம் குறையுங்கள்.

பானத்தைச் சாப்பாட்டுக்கு முன் குடிக்காதீர்கள், அடுத்த வேளைப் பசி அடங்கிவிடும். காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது படுக்கும் முன் குடிக்கலாம். பொடியை மூன்று வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கடலை எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கெடுத்தால் பழைய பெயிண்ட் வாடை வரும். வாடை வந்த பொடியைக் கொட்டிவிடுங்கள். பூசணம் பிடித்த, சுருங்கிய, கறுத்த கடலையை வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிய வேண்டும். அதில் இருக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கேள்வி: ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிறார்களே. வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு கடைவோம். எடை கூட்ட நினைக்கிற நான் அதை விட்டுவிட வேண்டுமா?
– தாராபுரம் வாசகர்

விட வேண்டாம். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம், கொழுப்பு மிகச் சொற்பம், நார்ச்சத்து அதிகம். அதனால் சீக்கிரம் வயிறு நிறைகிறது, அவ்வளவுதான். கடைசலில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிச் சோற்றில் பிசைந்தால் இளைத்தவனுக்கும் அது நல்ல சாப்பாடு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வையுங்கள், வாயுத் தொல்லை குறையும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து ஜிம்முக்குப் போறேன். சமைக்க நேரமில்லாததால வே புரோட்டீன் வாங்கலாம்னு பாத்தா கான்சன்ட்ரேட், ஐசோலேட்னு என்னென்னமோ போட்டிருக்கு. பாதி டப்பா போலின்னும் சொல்றாங்க. எதைப் பாத்து வாங்கறதுங்க?
– ஒரு வாசகர், திருப்பூர்

வே என்பது மருந்து இல்லை. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரிகிற தெளிந்த நீர் அது. நம் வீட்டில் பன்னீர் பிழிந்தால் கீழே தங்கும் பச்சைநீரை வடித்து, செறிவாக்கி, உலர்த்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கான்சன்ட்ரேட்டில் நூற்றுக்கு 70–80 பங்கு புரதம், கொஞ்சம் பால் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கும். ஐசோலேட்டில் 90 பங்கு புரதம், பால் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. பால் குடித்தால் வயிறு கடமுடவென்று ஓடும் என்றால் ஐசோலேட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. பால் ஒத்துக்கொள்கிறவருக்குக் கான்சன்ட்ரேட் போதும், தசைக்கு இரண்டும் ஒன்றுதான்.

லேபிளில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு மூன்று சின்ன விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் என்றால் நூற்றுக்கு 80, நல்ல பொடி. 45 கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் நூற்றுக்கு 53தான். எண் ஒன்று போலத் தெரிந்தாலும் பாதி வேறு சரக்கு.

இரண்டாவது, சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் வே என்று இருக்க வேண்டும். பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின் என்று தனியாகச் சேர்த்திருந்தால் உஷாராகுங்கள். ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். புரதத்தின் சிறு கூறுகள்தான் அமினோ அமிலங்கள். கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்திலும் நைட்ரஜன் இருப்பதால் அதைக் கலந்து எண்ணை ஏற்றிவிட முடியும். எண் ஏறும், தசை ஏறாது. நல்ல வே பொடியில் 24 கிராம் புரதத்துக்கு லூசின் என்ற அமினோ அமிலம் மட்டும் 2.5 கிராம் அளவில் இருக்கும். லேபிளில் அமினோ அமிலப் பட்டியல் இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண். 14 இலக்கம் இருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் ஸ்டிக்கரில் இருந்தே ஆக வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத ‘வெளிநாட்டு’ டப்பா பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வாங்கும்போது பில் கேளுங்கள். காலி டப்பாவை லேபிளோடு தூக்கி எறியாமல் கிழித்துப் போடுங்கள், போலிக்காரர்களுக்கு அசல் டப்பாதான் மூலப்பொருள்.

வீட்டில் செய்யும் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. கரைத்த பொடியில் ஒரு சொட்டு அயோடின் விட்டுக் கருநீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. மாறாவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை, மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் கருநீலம் காட்டாது. கொதிக்கிற தண்ணீரில் வே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், 70 டிகிரிக்கு மேல் அதன் அமைப்பு குலைவதுதான் காரணம். திரண்டதால் சத்து போய்விடாது, குடிக்கத்தான் முடியாது. ஷேக்கரில் முதலில் 200–250 மில்லி குளிர்ந்த தண்ணீர், அப்புறம் பொடி என்று போடுங்கள். பொடியை முதலில் போட்டால் அடியில் களியாக ஒட்டிக்கொள்ளும். குலுக்கிய பாட்டிலை உடனே கழுவாமல் ஜிம் பைக்குள் போட்டு வைத்தால் மறுநாள் மூடியைத் திறக்கவே முடியாத நாற்றம் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள். ஒரு கிலோ டப்பாவில் 800 கிராம் புரதம். விலை 2,800 ரூபாய் என்றால் கிராமுக்கு மூன்றரை ரூபாய். முட்டை 6 ரூபாய் என்றால் கிராமுக்கு ஒரு ரூபாய். கிலோ 200 ரூபாய் மீல் மேக்கரில் 520 கிராம் புரதம், கிராமுக்கு 40 காசுகூட ஆகவில்லை. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பொடிக்குக் கொடுப்பது நேரத்துக்கான விலை. ஷிப்ட் முடிந்து சமைக்க முடியாத உங்களுக்கு நாளுக்கு ஒரு ஸ்கூப் நியாயமான செலவுதான், இரண்டாவது ஸ்கூப்புக்குப் பதில் நாலு முட்டை அவித்து எடுத்துப் போங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் உடம்பைப் பெருக்கப் புரதப் பொடிகளைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஓட வேண்டாம். நாள் முழுதும் சேர்கிற மொத்த அளவுதான் பெரிது. ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஜிம், அப்புறம் நாலு மணி நேரத் தூக்கம் என்று ஓடினால் எந்தப் பொடியும் கைகொடுக்காது. பகலில் அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். ஷிப்ட் வாரத்தில் ஜிம்மை இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

கேள்வி: சுத்த சைவம். 65 கிலோ. பொடி இல்லாமல் 100 கிராம் புரதம் எடுக்கவே முடியாது என்கிறார் பயிற்சியாளர். உண்மையா?
– பொள்ளாச்சி வாசகர்

முடியும், கொஞ்சம் யோசித்துத் தட்டு போட வேண்டும். ஒரு நாள் கணக்கு பாருங்கள். காலையில் 60 கிராம் பச்சைப்பயறும் 30 கிராம் அரிசியும் அரைத்த தோசை, 16 கிராம் புரதம். மதியம் நம் அரிசியும் பருப்பும் சாதம். வழக்கமாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுவார்கள், நீங்கள் அரை டம்ளர் போடுங்கள். 120 கிராம் அரிசி, 50 கிராம் துவரம்பருப்பு, கூடவே 200 கிராம் தயிர் என்றால் 26 கிராம். மாலை 40 கிராம் வறுத்த நிலக்கடலை 10, பால் 300 மில்லி 10. இரவு 100 கிராம் கோதுமை மாவில் சப்பாத்தி, 40 கிராம் மீல் மேக்கர் குருமா, 32. குருமாவில் 50 கிராம் பன்னீரையும் சேர்த்தால் 9. மொத்தம் 103.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டுமென்றுகூட இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

மீல் மேக்கர் பிடிக்காது என்பவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகப் பிழியாதவர்கள். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழியுங்கள். மொச்சை வாடை போய்விடும். அப்புறம் பள்ளிபாளையம் முறையில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல் போட்டு வதக்கிப் பாருங்கள். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஜிம்களில் ஒரு பயம் உலவுகிறது. நாளுக்கு 40–50 கிராம் அளவில் ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும். பயறையும் மீல் மேக்கரையும் முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள்.

கேள்வி: பள்ளிபாளையம் சிக்கன் என்றால் உயிர். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்குக் கால் கிலோ. புரதம் போதும்தானே?
– பெருந்துறை வாசகர்

அந்த மூன்று நாளுக்குச் சரி, மற்ற நாலு நாளுக்கு? எலும்போடு கால் கிலோ வாங்கினால் சதை 160 கிராம் அளவில் தேறும், புரதம் 32 கிராம். உடம்பு புரதத்தைக் கொழுப்பைப் போலச் சேமித்து வைக்காது. ஞாயிற்றுக்கிழமை முக்கால் கிலோ தின்றுவிட்டு வியாழன் வரை ரசஞ்சோறு என்றால் பயனில்லை. தினமும், முடிந்தால் வேளைக்கு 20–30 கிராமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். கறி இல்லாத நாளில் முட்டை, பவானிசாகர் அணை மீன், தட்டைப்பயறு எதுவாக இருந்தாலும் சரி.

கேள்வி: எங்க ஊருல முட்டைக்குப் பஞ்சமில்லைங்க. காத்தால நாலு பச்சை முட்டையை உடைச்சு அப்படியே குடிக்கறேன். வேக வெச்சா சத்துப் போயிரும்னாங்க. மஞ்சக்கருவைக் கொட்டிறலாமுங்களா?
– நாமக்கல் வாசகர்

இரண்டுமே வேண்டாம். வேக வைத்த முட்டையின் புரதம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செரிக்கிறது. பச்சை முட்டையில் பாதிதான். நாலு முட்டை குடித்து இரண்டு முட்டையின் பலனைப் பெறுகிறீர்கள். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. வேக வைத்தால் அந்தக் குணம் போய்விடும். சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு மாதம் ஏற்றிய எடை ஒரு வாரத்தில் இறங்கும்.

முட்டையின் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய பாதி மஞ்சள்கருவில் இருக்கிறது, வைட்டமின்களும் பெரும்பாலும் அங்கேதான். இளைத்தவர் அதைக் கொட்டுவது காசைக் கொட்டுவது. கெட்ட கொழுப்போ சர்க்கரையோ இல்லாதவர் நாளுக்கு இரண்டு மூன்று முழு முட்டை சாப்பிடலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் வெள்ளைக்கருவாகக் கூட்டுங்கள். தண்ணீர் கொதித்தபின் பத்து நிமிடம் போதும். மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் கூடுதலாக வெந்துவிட்டது, கெடுதலில்லை. நாட்டுக்கோழி முட்டை ருசியாக இருக்கலாம், ஆனால் அளவில் சிறியது, புரதமும் அதற்கேற்பக் குறைவு.

கேள்வி: ஜிம்மில் பேரில்லாத ஒரு பொடியைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 6 கிலோ ஏறிவிட்டேன். இப்போது முகம் ஊதி, கன்னம் உருண்டையாகிவிட்டது. எந்நேரமும் பசி, தூக்கம். இடுப்பில் சிவப்புக் கோடுகள் வந்திருக்கின்றன. பொடியை நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகர் (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

தம்பி, இதற்கெல்லாம் இதழில் பதில் வரும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. இதைப் படிக்கிற இன்றே பொது மருத்துவரிடம் போங்கள், மீதிப் பொடியைக் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தையும், சைப்ரோஹெப்டடின் என்ற, பசியும் தூக்கமும் தருகிற ஒவ்வாமை மருந்தையும் சந்தேகப்பட வைக்கின்றன. ‘மாதத்தில் ஆறு கிலோ’ பொடிகளில் இப்படிப்பட்ட மாத்திரைகளை இடித்துக் கலப்பது பழைய வித்தை. ஏறியது தசை இல்லை, நீரும் கொழுப்பும்தான்.

நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். சட்டென்று விட்டால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே வினையாகலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவருவார். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கமோ வாந்தியோ இப்போதே இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். நாண்ட்ரோலோன், டெஸ்டோஸ்டிரோன், ஸ்டானசோலால் எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றுதான். தசை ஏறும், பொய்யில்லை. கூடவே விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்ணைப் போலப் பெருக்கும், முதுகெல்லாம் பரு வரும், நல்ல கொழுப்பு இறங்கும். நிறுத்தினாலும் உடம்பு தன் ஹார்மோனை மறுபடி சுரக்க மாதக்கணக்கில் ஆகும். ஊசியைப் பங்குபோட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும். கல்யாண வயதில் இருக்கிற பிள்ளைகள் மூன்று மாத உடம்புக்காக இதைச் செய்வதைப் பார்க்க மனசு பதறுகிறது.

கேள்வி: பையனுக்கு 16 வயசு. பதினொண்ணாவது படிக்கிறான். கிரிக்கெட் ஆடுறவன். ‘பொடி வாங்கிக் குடு, இல்லாட்டி சாப்பிட மாட்டேன்’னு அடம். வாங்கித் தரலாமுங்களா?
– ஒரு தாய், ஈரோடு

தேவையில்லைங்க அம்மா. இந்த வயதில் உடம்பே வளர்கிற வேகத்தில் இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறுவதும், மதிய டப்பாவில் பாதி திரும்பி வருவதும்தான் பெரும்பாலும் குறை. காலையில் இரண்டு முட்டை தோசை, பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு பெரிய டம்ளர் பாலும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், இரவில் பருப்போ கறியோ கட்டாயம் என்று நாலு வாரம் பாருங்கள். விளம்பரத்தில் வரும் மால்ட் பானங்கள் ஒரு வேளைக்கு 2–3 கிராம் புரதம்தான் தருகின்றன, மீதிப் பெருமை அதில் ஊற்றும் பாலுக்குச் சேர வேண்டியது. எடை தூக்குவதில் தப்பில்லை, சரியான முறையைச் சொல்லித்தருகிற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: 155 செ.மீ., 42 கிலோ. கல்யாணத்துக்குப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘புள்ளை நோஞ்சான்’ என்கிறார்கள். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனா?
– கரூர் வாசகி

ஆக மாட்டீர்கள், அம்மணி. தசையைப் பெருக்குகிற டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடம்பில் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. யாரோ சொன்னதற்காக இல்லாவிட்டாலும் உங்கள் எலும்புக்காக எடை தூக்குங்கள். புரதம் நாளுக்கு 67 கிராம் இலக்கு. முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்தைச் சரி செய்யாமல் பயிற்சியில் மூச்சு வாங்கும், பசியும் எடுக்காது. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை சேருங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது.

கேள்வி: கிரியேட்டின் ஆரம்பித்து ஒன்றரை மாதம். கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 என்று வந்து பயமாக இருக்கிறது. புரதப் பொடி போட்டால் கிட்னி போய்விடும் என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்.
– கோவை வாசகர்

தசை வலுவுக்கு எடுக்கும் கிரியேட்டின் பொடி உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரத்தத்தில் அளப்பது இந்தக் கிரியேட்டினினைத்தான். பொடி எடுத்துக்கொள்கிறவருக்கும், தசை அதிகமுள்ளவருக்கும் சிறுநீரகம் கெடாமலே அந்த எண் கொஞ்சம் ஏறும். அதற்காக அலட்சியம் செய்யவும் கூடாது. பொடியை நிறுத்தி மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனை இருக்கிறது, தசை அளவு அதைப் பெரிதாக மாற்றாது. பரிசோதிக்கும் மருத்துவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கிரியேட்டின் அளவு நாளுக்கு 3–5 கிராம், மோனோஹைட்ரேட் என்ற வகை மட்டும். முதல் வாரம் 20 கிராம் என்று ஏற்ற வேண்டியதில்லை, மூன்று நாலு வாரத்தில் தசை தானாக நிரம்பிவிடும். ஏற்றினால் சிலருக்கு வயிறு கெடும். தொடக்கத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ தசைக்குள் சேர்ந்த நீர் என்பதை நினைவில் வையுங்கள்.

புரதம் பற்றி: ஆரோக்கியமான சிறுநீரகத்தை ஒரு கிலோவுக்கு 1.6–2 கிராம் அளவிலான புரதம் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, நெடுநாள் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு ஸ்கூப்கூடத் தொடக்கூடாது.

கேள்வி: தோட்டத்து வேலை செய்யறவன். பால் கறக்கறது, தட்டுக் கட்டுத் தூக்கறது, மம்பட்டி புடிக்கறது எல்லாம் உண்டு. அப்புறம் ஏனுங்க தசை வரல? ஜிம் பக்கத்துல இல்லை.
– காங்கேயம் வாசகர்

தினமும் ஒரே சுமையைத் தூக்குவதால் உடம்பு அந்த அளவுக்குப் பழகி நின்றுவிட்டது. சுமை ஏறிக்கொண்டே போனால்தான் தசை ஏறும். ஜிம் வேண்டியதில்லை. ஒரு உரச் சாக்கில் 15 கிலோ மணலைக் கட்டித் தோளில் வைத்து உட்கார்ந்து எழுங்கள். இடுப்பிலிருந்து குனிந்து, முதுகு வளையாமல், அதே மூட்டையை வயிற்றை நோக்கி இழுங்கள். தண்டால் எடுங்கள். மாட்டுக் கொட்டகை விட்டம் உறுதியாக இருந்தால் தொங்கி ஏறுங்கள். ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேலை குறைவான பொழுதில் செய்யுங்கள். மூன்று சுற்றிலும் 12 தடவை முடிந்த நாளில் மூட்டையை அவிழ்த்து இன்னும் இரண்டரை கிலோ மணலைத் தராசில் நிறுத்துச் சேருங்கள். ஈர மணல் என்றால் காய்ந்தபின் நிறுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரைத்தான் தூக்கிக்கொண்டிருப்பீர்கள்.

வேலைக்குப் போகுமுன் குடிக்கிற கம்மங்கூழை விட வேண்டாம். அதில் ஒரு கை வறுத்த கடலையும், கட்டித் தயிர் ஒரு கிண்ணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறக்கிற பாலில் அரை லிட்டரைக் கேனுக்கு ஊற்றாமல் உங்களுக்கென்று நிறுத்தி வையுங்கள், அதில் 16 கிராம் புரதம் இருக்கிறது.